ஒரு பிரதி போதும்

பாரிசின் லா சப்பலில் சிவப்பு விளக்குக்கு நின்ற ஒரேயொரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் ஒரு ஜேர்மன் இராணுவ அதிகாரி. ஓய்வு பெற்றவர் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய முதுகுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை விளங்கும். மெத்ரோ பாலத்தைத் தாண்டி வந்தால் அந்தப் பக்கம் மரக்கறிக் கடை, இந்தப் பக்கம் நகைக்கடை, நடுவில் பாதசாரிக் கடவை. அதில் எரிகிற சிவப்பு மனிதனை எங்கள் ஆட்கள் ஓர் அலங்காரமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, கனடாவில் இருக்கிற மச்சாளோடு தொலைபேசியில் கதைத்தபடி, வருகிற காரைக் கையால் மறித்துக்கொண்டு கடப்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே அவர் மட்டும் விளிம்பில் கால்களைச் சேர்த்து வைத்து நிற்பார். வாகனமே வராத நேரத்திலும் நிற்பார். பச்சை வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்து, எல்லோரும் போன பிறகு, தனியாகக் கடப்பார்.

தேத்தண்ணிக் கடை ரத்தினம் அண்ணைதான் முதலில் கவனித்தவர். எங்கள் போட்டோக்கொப்பிக் கடைக்கு அடுத்த கதவு அவருடையது.

"ஜசிந்தா, அங்கை நிக்கிறவரைப் பார். சிவில்ல வந்த பொலிஸ். பேப்பர் இல்லாத பெடியளைப் பிடிக்க நிக்கிறார்."

"பொலிஸ் எண்டால் இவ்வளவு பொறுமையா நிக்குமோ அண்ணை?"

"அதுதான் சொல்லுறன். பயங்கரமான பொலிஸ்."

கதை தெருவெல்லாம் பரவியது. இரண்டு கிழமை எங்கள் தெருவில் பலர் சட்டப்படி வீதி கடந்தார்கள். விசா இல்லாதவர்கள் சுற்றுப்பாதையில் கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் நடந்தார்கள். அந்த மனிதரால் ஒருவரும் பிடிபடவில்லை. ஆனால் நகரசபை பல வருடமாகச் செய்ய முடியாததை அவர் சும்மா நின்றே செய்து முடித்தார்.

பிறகு ஒருநாள் அவர் எங்கள் கடைக்குள் வந்தார். பழைய நிழற்படம் ஒன்றை மேசையில் வைத்தார். வெயில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் இராணுவ வாகனமொன்றில் சாய்ந்துகொண்டு, கையில் பெரிய முலாம்பழத்தோடு சிரிக்கிறான்.

"ஒரு பிரதி எடுத்துத் தர இயலுமா, மதாம்? ஒரு பிரதி போதும்."

அவருடைய பிரெஞ்சு இஸ்திரி போட்ட பிரெஞ்சு. ஒரு சொல்லும் கசங்காது. அதனால் அவர் பேசியதையெல்லாம் நான் எழுத்துத் தமிழில்தான் தர முடியும். பேச்சுத் தமிழில் போட்டால் அது அவர் இல்லை.

முதல் பிரதி கொஞ்சம் மங்கலாக வந்ததால் இன்னொன்று எடுத்து இரண்டையும் கொடுத்தேன். அவர் மங்கலானதைத் திருப்பித் தந்தார். "நான் கேட்டது ஒன்று." சரி என்று குப்பையில் போடப் போனேன். ஒருவருடைய முகத்தை எப்படிக் குப்பையில் போடுவது என்று யோசிக்கிற மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மேசை இலாச்சிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பிரதியை எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டலாமா என்று கேட்டார். எங்கள் கண்ணாடியில் ஏற்கெனவே வாடகை அறை, பரதநாட்டிய வகுப்பு, காணாமல்போன பூனை, திரான்சியில் மாவு அரைக்கும் இடம் எல்லாம் இருந்தன. ஒருவரும் ஒருநாளும் கேட்டு ஒட்டியதில்லை. இவர் மட்டும் முதலாளியின் அனுமதியை எழுத்தில் கேட்டார். முதலாளிக்குச் சிரிப்பு. ஒரு துண்டில் 'மாத முடிவு வரை ஒட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாத முடிவில் அவர் வந்து, துண்டைக் காட்டி, அடுத்த மாதத்துக்குப் புதுப்பித்துக்கொண்டார்.

அப்படித்தான் அவர் யாரென்று தெரிய வந்தது. ஆப்கானிஸ்தானில் மேஜராக இருந்தவர். படத்தில் இருப்பவன் நசீர், அங்கே மூன்று வருடம் அவருக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். அவன் பாரிசில், லா சப்பல் பக்கம் அலைகிறான் என்று யாரோ சொல்லக் கேட்டுத் தேடி வந்திருக்கிறார். புறநகரில், லா கூர்னெவ்வில் அறை எடுத்திருந்தார். எங்கள் ஆட்கள் அங்கேயிருந்து வெளிக்கிட வழி தேடுவார்கள், இவர் வழி கேட்டு அங்கே போயிருக்கிறார்.

"கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறீங்கள், மேஜர்?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிப்பது என் கடமை. அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை."

இதுதான் அந்த மனிதர். ஒரு காலைத் தூக்கிவிட்டு மற்றக் காலிடம் அபிப்பிராயம் கேட்பவர்.

இந்தக் குணத்தால் அவர் எங்கள் ஊர் உபசரிப்பில் மாட்டுப்பட்ட கதை ஒன்று உண்டு. சந்தேகம் தீர்ந்ததும் ரத்தினம் அண்ணைக்கு அவரில் பட்சம் வந்துவிட்டது. கூப்பிட்டு இருத்தி, பிளேன்ரீயும் ஓர் உழுந்து வடையும் வைத்தார். மேஜர் வடையைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு சாப்பிட்டு முடித்தார். தட்டு வெறுமையானால் இன்னொன்று வைப்பது ரத்தினம் அண்ணையின் வளர்ப்பு. தட்டில் வைத்ததை மிச்சம் விடாமல் சாப்பிடுவது மேஜரின் வளர்ப்பு. ஆளுக்காள் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழாவது வடையில் நான் உள்ளே போனேன். மேஜரின் நெற்றியில் வியர்வை. வயிறு ஒன்று சொல்கிறது, தட்டு ஒன்று சொல்கிறது, அவர் இரண்டுக்கும் நடுவில் முள்ளோடு இருக்கிறார்.

"என்ன அண்ணை, மனுசனைக் கொல்லப் போறியளோ?"

"நல்லா சாப்பிடுறார் பிள்ளை. பாவம், தனி ஆள்."

போதும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்றை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். காணும். தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்றும் காட்டினேன். அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு கடைக்குள் வரும்போதே கையைத் தட்டளவு உயரத்தில் வைத்துக்கொண்டு "காணும்" என்று சொல்லித்தான் வருவார். ரத்தினம் அண்ணை அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு வடை வைப்பார்.

நசீர் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஞானஸ்நான அழைப்பிதழ் ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் மெலிந்திருந்தான், தாடியில் நரை விழுந்திருந்தது. கண்ணாடியில் இருந்த படத்தைக் காட்டி "இதை ஆர் ஒட்டினது?" என்றான். அவனுடைய பிரெஞ்சு தெருவில் பொறுக்கியது, அது தமிழில் பேச்சாகத்தான் வரும்.

"உங்கடை மேஜர்."

படத்தை இன்னொருமுறை பார்த்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"இப்பவும் சப்பாத்து நாடா கட்டுறாரோ?"

எனக்கு விளங்கவில்லை. அவன்தான் சொன்னான்.

அங்கே ஒரு கிராமம். பக்கத்து வீதியால் இராணுவ வாகனத் தொடர் போக வேண்டும். வீடுகளுக்குப் பின்னால் ஆயுதக்காரர்கள் ஒளிந்திருப்பதாகத் தகவல். சனம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், ஒருவரும் வெளியே வரக்கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி மேஜருக்குக் கட்டளை வந்தது. தங்கள் படையின் ஷெல் விழப்போவது அந்த வீடுகளுக்குப் பக்கத்தில் என்பது அவருக்குத் தெரியும். சனத்தை முதலில் வெளியேற்ற விடுங்கள் என்று வானொலியில் கேட்டார். நேரமில்லை, எழுதித் தந்ததை வாசியுங்கள் என்று பதில் வந்தது. அவர் வாசித்தார்.

"நான் அவரின்ரை முகத்தைப் பார்த்தன்," என்றான் நசீர். "வாய் ஒண்டு சொல்லுது, முகம் வேறை சொல்லுது. நான் முகத்தை மொழிபெயர்த்தன். எல்லாரும் பின்பக்கத்தால வாய்க்காலுக்கை இறங்கி ஓடுங்கோ எண்டு சொன்னன்."

"அவருக்குத் தெரியாதோ?"

"ஓடு எண்ட சொல்லு அவருக்கு வடிவாத் தெரியும். பின்னேரத்தில பெடியளோட பந்தடிக்கிறவர், அவங்கள் கத்துற சொல்லு அதுதானே. பொம்பிளையள் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கை இறங்குறதையும் கண்டவர். என்னை மறிக்கேல்லை. குனிஞ்சு சப்பாத்து நாடா கட்டினவர். நாடா அவிழேல்லை. கட்டித்தான் கிடந்தது. கடைசிப் பிள்ளை இறங்கும் மட்டும் கட்டிக்கொண்டே இருந்தார்."

பின்னேரம் ஷெல் விழுந்தது. இரண்டு வீடுகள் உடைந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால் சனத்தோடு சனமாக ஆயுதக்காரர்களும் தப்பிவிட்டார்கள் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. மேஜர் அறிக்கை எழுதினார்: மொழிபெயர்ப்பாளர் என் அறிவுக்கு எட்டாமல் கட்டளையைத் திரித்துச் சொன்னார், நம்பத்தக்கவர் அல்லர். முத்திரையோடு வேலைநீக்கக் கடிதம் வந்தது. பிறகு படை வெளியேறியபோது உதவியவர்களை அழைத்துப்போகிற பட்டியலில் நசீருடைய பெயர் இல்லை. நீக்கப்பட்டவர்களை அதில் போடக்கூடாது என்று விதி.

இப்போது பிரான்சிலும் அவனுடைய அகதிக் கேஸ் ஒருமுறை தள்ளுபடியாகி மேன்முறையீட்டில் நின்றது. ஜேர்மன்காரரே நம்பத்தகாதவர் என்று எழுதிய ஆளை நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள். எழுதியவரே வந்து மாற்றிச் சொன்னால்தான் வழி என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு அத்தெஸ்தாசியோன் வேண்டும். அதாவது, கண்டதைத் தன் கையால் எழுதி, அடையாள அட்டைப் பிரதியும் இணைத்துக் கொடுக்கும் சாட்சிக் கடிதம்.

மறுநாள் இருவரும் ரத்தினம் அண்ணையின் கடையில் சந்தித்தார்கள். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நானும் ரத்தினம் அண்ணையும் வாசலில் நின்று பார்த்தோம். மேஜர் எழுந்து நின்றார். நசீரும் நின்றான்.

"மெலிந்துவிட்டீர்கள்," என்றார் மேஜர்.

"நீங்கள் கொழுத்திட்டியள்," என்றான் நசீர்.

ரத்தினம் அண்ணை பெருமையோடு வடைத் தட்டைப் பார்த்தார்.

எழுதித் தருகிறேன் என்று மேஜர் உடனே சொன்னார். சொல்லிவிட்டு எழுதவில்லை. படை நடவடிக்கைகளைப் பற்றி அனுமதியில்லாமல் வெளியே பேசமாட்டேன் என்று இராணுவத்தை விட்டு விலகும்போது கையெழுத்துப் போட்டவராம். ஆகவே அனுமதி கேட்டு ஜேர்மனிக்கு எழுதினார். லா கூர்னெவ் அறையில் அவருடைய பெயரில் தபால்பெட்டி இல்லாததால் எங்கள் கடை முகவரியைக் கொடுத்தார். தினமும் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு வந்து, "எனக்குக் கடிதம் உண்டா, மதாம் ஜசிந்தா?" என்பார். இல்லை என்றால் தலையசைத்துவிட்டுப் போவார். நசீர் ஒன்றும் கேட்கமாட்டான். அவருக்கு எதிரில் இருந்து தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருப்பான்.

சாட்சிக் கடிதம் தபாலில் போக வேண்டிய கடைசி நாள் வந்துவிட்டது. எனக்குப் பொறுமை போனது. நானே எழுதிவிடுவோம், மனிதர் கையெழுத்தாவது வைக்கட்டும், பிறகு கையால் பார்த்தெழுதட்டும் என்று தீர்மானித்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக்கு வந்தால் கேசுக்கென்று ஊரிலுள்ள சமாதான நீதவானிடம் ஒரு கடிதம் வாங்குவார்கள். இன்னாரைச் சிறுவயது முதல் அறிவேன், நற்குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அதில் இருக்கும். சமாதான நீதவான் அந்த ஆளைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். நான் இந்தக் கடைக்கு வந்த முதல் வருடம் மன்னாரில் இருந்து வந்த அப்படி ஒரு கடிதத்தைப் பிரெஞ்சில் மாற்றிக் கணினியில் போட்டு வைத்தேன். அன்றிலிருந்து யார் சாட்சிக் கடிதம் கேட்டாலும் பெயரை மட்டும் மாற்றுவேன். அந்த மூலக் கடிதம் ஒரு கத்தோலிக்கருக்கு எழுதப்பட்டது. அதனால் இந்த நாட்டுக் கோப்புகளில் ஞாயிறு பூசைக்குத் தவறாத சைவர்கள் சிலர் இருக்கக்கூடும். அதற்கு நான்தான் பொறுப்பு.

அன்றும் பெயரை மாற்றினேன், அச்செடுத்தேன், அடுத்த கடைக்கு ஓடினேன். மேஜர் கண்ணாடியை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து பென்சிலும் கோடு கீறும் சின்ன அடிமட்டமும் வந்தன. வரிக்கு வரி அடிமட்டத்தை வைத்து வாசித்தார்.

"மதாம், நசீரை நான் சிறுவயது முதல் அறிவேன் என்று இருக்கிறது. எனக்கு அவரை இருபத்தைந்து வயதில்தான் தெரியும்."

"அது ஒரு பேச்சுக்கு, மேஜர்."

கோடு கீறினார். "அவருடைய தகப்பனார் ஊரில் மதிப்புள்ள ஆசிரியர் என்று இருக்கிறது."

"என்ரை அப்பா முலாம்பழம் விக்கிறவர்," என்றான் நசீர்.

கோடு. அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கியது. அதிலே நின்றது. மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"நசீர் ஞாயிறுதோறும் பூசைக்கு வருவதையும், மடு மாதா மீது அவருக்குள்ள பக்தியையும் நான் நேரில் கண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்டீர்களா, மதாம்?"

நசீர்தான் முதலில் சிரித்தான். தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. "விசா கார்ட் தருவினம் எண்டால் இந்த ஞாயிறே வாறன் அக்கா," என்றான். ரத்தினம் அண்ணை கல்லாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மேஜரின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. ஆனால் பென்சில் நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு வரி கீறுபடாமல் மிஞ்சியது: 'இவரை நான் அறிவேன்.'

"இது உண்மை," என்று அடிமட்டத்தால் தட்டினார். "மிகுதிக்கு அனுமதி வரட்டும்."

"இண்டைக்குத்தான் கடைசி நாள், மேஜர்."

"எனக்குத் தெரியும். கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு அது."

எனக்குக் கோபம் வந்தது. சிரித்த வாய் மூடுமுன்னே வந்தது. அவருடைய அடிமட்டத்தைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். இருபத்தைந்து வருடமாக இந்தத் தெருவில் ஒருவருக்கும் சொல்லாததை அந்த ஜேர்மன் ஆமிக்காரருக்குச் சொன்னேன்.

என் தம்பிக்குப் பத்தொன்பது வயது. நானும் அவனும் ஒரே பேருந்தில் வந்தோம். மன்னார் வீதியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். தம்பியை மட்டும் ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். ஓர் அதிகாரி அவனுடைய அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விசாரித்துவிட்டு விடுவோம், நீங்கள் போங்கள் என்றார். அவனுடைய கையில் எங்கள் சாப்பாட்டுப் பார்சல் இருந்தது.

மேஜர் அசையாமல் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அந்த அதிகாரி ஏதாவது எழுதினாரா?"

"எழுதினவர். பெரிய கொப்பி ஒண்டில எழுதினவர். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். வடிவான கையெழுத்து."

"பிறகு?"

"பிறகு நாங்கள் போய்க் கேட்க, அப்பிடி ஒரு ஆளை இறக்கவே இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள். அம்மா சாகும்வரை கேட்டவா. அந்த மனுசனும் ஆருக்கோ வாக்குக் குடுத்திருப்பார், மேஜர். உங்களை மாதிரி."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் நினைக்கிறேன்.

மேஜர் எழுந்து எங்கள் கடைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். வெற்றுப் படிவம் ஒன்று கேட்டார். இருப்பதற்கு ஒரு கதிரை கேட்டார். அந்தப் படிவத்தில் ஒரு வரியைக் கையால் எழுதியாக வேண்டும்: பொய்ச்சாட்சி சொன்னால் தண்டிக்கப்படுவேன் என்பதை அறிவேன். எங்கள் ஆட்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். அவர் அதை மூன்று தரம் வாசித்தார். "என் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கவில்லை," என்றார். பிறகு எழுதத் தொடங்கினார்.

நாலு மணித்தியாலம் எழுதினார். இடையில் ரத்தினம் அண்ணை வடை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறியபடி கிடந்தது. தட்டில் வைத்ததை அவர் தொடாமல் விட்டது அன்றைக்குத்தான். முடிந்ததும் என்னிடம் பிழை பார்க்கத் தந்தார். ஒரு பிழையும் இல்லை. ஒரு வரி மட்டும் எனக்கு மனப்பாடம்: 'ஓடுங்கள் என்ற சொல் எனக்கு விளங்கியது. என் சப்பாத்து நாடா அவிழ்ந்திருக்கவில்லை.'

நசீர் அதை வாசித்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு நன்றி சொன்னான். கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தரமும் சொன்னான். மேஜர் தட்டளவு உயரத்தில் கையைக் குறுக்கே வைத்தார்.

"காணும்."

தபாற்கந்தோர் மூட இருபது நிமிடம் இருந்தது. பதிவுத் தபாலில் போட வேண்டும். மூவரும் வேகமாக நடந்தோம். கடவைக்கு வந்தோம். சிவப்பு.

வாக்கையே மீறிவிட்டவர், இனி இந்த விளக்கு எம்மாத்திரம் என்று நான் காலை எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் விளிம்பில் கால்களைச் சேர்த்து நிற்கிறார். கையில் கடித உறை. பக்கத்தில் நசீரும் நிற்கிறான். எனக்குத் தலையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் திரும்பி வந்து அவர்களோடு நின்றேன். முருங்கைக்காய்ப் பையோடு ஒரு அக்கா எங்கள் மூவரையும் இடித்துக்கொண்டு போனார். என்ன, மூன்று பேருக்கும் கண் தெரியாதோ என்று கேட்டுக்கொண்டே போனார். பச்சை வந்தது. ஆறு நிமிடம் மிச்சம் இருக்கத் தபாலில் சேர்த்தோம்.

அடுத்த கிழமை மேஜர் ஊருக்குப் புறப்பட்டார். அனுமதி வருமுன் பேசிவிட்டதைத் தானே போய்ச் சொல்லப் போகிறாராம். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று ரத்தினம் அண்ணை கேட்டார். "எனக்குத் தெரியும்," என்றார் மேஜர். கண்ணாடியில் இருந்த படத்தைத் தன் கையாலேயே கழற்றினார். அனுமதி முடிய இன்னும் மூன்று நாள் இருந்ததை முதலாளிக்கு நினைவூட்டிவிட்டுப் போனார்.

அவருக்கு வரவேண்டிய கடிதம் அவர் போய் நாலாம் நாள் வந்தது. நான் உடைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து மட்டும் பார்த்தேன். பிறகு அவருடைய முகவரிக்குத் திருப்பி அனுப்பினேன்.

நசீருக்கு விசா கிடைத்தது. இப்போது சென் தெனியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணி குடிக்க வருவான். "பூசைக்கு வந்தனான் அக்கா," என்று சொல்லிக்கொண்டு வருவான்.

போன மாதம் ஜேர்மனியில் இருந்து எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு அத்தெஸ்தாசியோன். அதே படிவம், அதே கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதியும் இணைத்திருந்தது. வரிக்கு வரி இங்கே தருகிறேன்.

'மதாம் ஜசிந்தாவை நான் அறிவேன். சிறுவயது முதல் அல்ல. அவர் சிவப்பு விளக்கில் வீதி கடப்பதைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். ஒரே ஒருமுறை நின்றதையும் கண்டேன். அவர் என் பொருட்டு ஒரு பொய்க் கடிதம் தயாரித்தார். அதில் தீய நோக்கம் இருக்கவில்லை. எனக்கு வந்த கடிதத்தின் உறையில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. ஆனால் உறை பிரிக்கப்படவில்லை. அந்தக் கடிதத்தில் எனக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. என் மீதான விசாரணை நடக்கிறது. நான் நலம்.

'அவருடைய தம்பி பத்தொன்பது வயதில், சாப்பாட்டுப் பார்சலோடு, ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவைக்கப்பட்டார் என்று அவர் என்னிடம் சொன்னார். அதை நான் காணவில்லை. அதைக் கண்ட ஓர் அதிகாரி இருந்தார். அவர் அதை எழுதினார். எழுதியதை மதாம் ஜசிந்தா கண்டார். அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஓர் அதிகாரி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

'பொய்ச்சாட்சி சொன்னால் தண்டிக்கப்படுவேன் என்பதை அறிவேன்.'

கையெழுத்து, திகதி.

எந்த அலுவலகமும் இதைக் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடமும் இல்லை. ஊரில் அம்மா ஏறி இறங்கிய கந்தோர்களில் கொடுத்தாலும், காணாதவருடைய சாட்சி செல்லாது என்று திருப்பித் தருவார்கள். அவர்கள் சொல்வதும் சட்டப்படி சரிதான். ஆனால் தம்பிக்காக ஒரு சீருடைக்காரர் வைத்த கையெழுத்து இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருப்பா.

கடை திறந்ததும் முதல் வேலையாக அதை இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். எத்தனை பிரதி என்று இலக்கம் அமர்த்த வேண்டும். அவராக இருந்தால் ஒன்று போதும் என்பார். நான் பத்து எடுத்தேன்.